கமாண்டர் ஹாஸ்லமுக்கு ஓர் அணிந்துரை

தென்காசி
10 ஜூன் 2024

அன்புள்ள மைத்துனர் சங்கரபாண்டி அவர்களுக்கு,

செல்லப்பா எழுதிக்கொண்டது. இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு, நன்றாக யோசித்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், பூரண சுய நினைவோடு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி நமது வாசகர் வட்டக் கூட்டங்களில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் நான் உட்காரப்போவதில்லை. சன்னலோரத்து நாற்காலியில் உட்காருவேன். பதினான்கு ஆண்டுகள் அந்த இடத்தை அனுபவித்தவன் என்ற முறையில் இதை வாய்ப்பேச்சாக விட்டுவிட மனமில்லை. ஆகவே எழுத்தில் தெரிவிக்கிறேன்.

காரணம், மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலி தங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நேற்றைய கூட்டத்தில் நான் கமாண்டர் ஹாஸ்லமைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். முதல் உலகப் போர்க் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல் மிதக்குமா என்பதே சந்தேகமாக இருந்த நாட்களில், பதினாறு பேரை ஓர் இரும்புக் குழாய்க்குள் ஏற்றிக்கொண்டு, கண்ணிவெடி விதைத்த ஜலசந்திக்குள் போய்த் திரும்பியவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பதினொரு ஆண்டுகளாக எழுதி முடித்து அச்சுக்குத் தயாராக வைத்திருப்பவன் நான். இது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பேச்சு முடிந்ததும் உரக்கடை மணிமுத்து எழுந்து ஒரு கேள்வி கேட்டார். ‘அதெல்லாம் சரி அண்ணாச்சி, தண்ணிக்குள்ள கெடக்கும்போ கக்கூசுக்கு என்ன செய்வாவ?’ கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. நான் தொண்டையைச் செருமினேன். செருமி முடிப்பதற்குள் அவர் என் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி, ‘நம்ம நேவி அண்ணாச்சிதான் இருக்காவள்லா, அவியளே சொல்லட்டும்’ என்றார். தாங்கள் ஐம்பத்தைந்து நிமிடம் சொன்னீர்கள். கூட்டம் கைதட்டியது. எனக்குப் போட்ட துண்டைத் தங்களுக்கும் ஒருமுறை போட்டுப் படம் எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தங்கள் அக்காள் குழல்வாய்மொழி, ‘தம்பி எம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்கான், பாத்தியளா?’ என்று மூன்று முறை கேட்டாள். ஹாஸ்லம் பட்ட கஷ்டத்தைப் பற்றி ஒரு முறையும் கேட்கவில்லை.

தங்கள் அக்காள் சனிக்கிழமைதோறும் குற்றாலம் வருகிறவள் என்பதால் கடிதத்தை அவள் வசம் கொடுத்தனுப்புகிறேன். நமக்குள் இனி எழுத்து போதும். பேச்சு வேண்டாம்.

இப்படிக்கு
ஆ. செல்லப்பா
பத்திர எழுத்தர் (ஓய்வு)


குற்றாலம்
15 ஜூன் 2024

அத்தான்,

கடிதம் கிடைத்தது. நாற்காலி விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். சன்னலோரத்தில் சாரல் அடிக்கும். குடை கொண்டு போங்கள்.

சீசன் தொடங்கிவிட்டது. என் லாட்ஜில் ஆறு அறையும் நிரம்பி, ஈரத்துணி காயப்போடும் கொடிக்காக வராண்டாவில் குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்காள் தூக்குவாளியோடு வந்து, ‘ஏலே, ஒங்க அத்தான் ஏதோ பத்திரம் குடுத்து விட்டிருக்காரு’ என்றாள். எங்கே கையெழுத்துப் போடச் சொல்லுவீர்களோ என்று பயந்துதான் பிரித்தேன்.

மணிமுத்துவுக்கு நான் பதில் சொன்னதில் என்ன தப்பு? கேட்டது அனுபவத்தைப் பற்றி. நீங்கள் படித்தவர், நான் போனவன். உங்கள் பேச்சில் அந்த ஜலசந்தியை எப்படி வர்ணித்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? ‘வடக்கே எதிரியின் கோட்டை, தெற்கே பீரங்கி மேடு, கிழக்கே கண்ணிவெடி வரிசை, மேற்கே திரும்பி வரவேண்டிய வழி, இந்நான்கெல்லைக்குட்பட்ட நீர்ப்பரப்பு’ என்றீர்கள். முப்பத்தெட்டு வருஷம் கிரயப் பத்திரம் எழுதிய கை. பின்வரிசையில் ஒருவர் சர்வே நம்பர் கேட்டார். உங்களுக்குக் கேட்டிருக்காது.

கோபப்படாமல் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் கடலில் இறங்கியது திருச்செந்தூரில் முழங்கால் வரை. நஞ்சை, புஞ்சை, வீட்டு மனை தவிர எதையும் எழுதாத மனுஷன். எழுத வேண்டும் என்று வந்தபோது, உலகத்தில் இத்தனை பேர் இருக்க, எதற்காக ஒரு நீர்மூழ்கிக்காரரைப் பிடித்தீர்கள்? உங்கள் வீட்டு ஹாலில்தான் ஏற்கெனவே ஒரு நீர்மூழ்கிக்காரன் படம் தொங்குகிறதே.

சங்கரபாண்டி


தென்காசி
5 ஜூலை 2024

அன்புள்ள மைத்துனருக்கு,

தாங்கள் குறிப்பிட்ட படம் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. வெள்ளைச் சீருடையில் தாங்கள், பின்னால் தண்ணீருக்கு மேல் முதுகு காட்டியபடி ஒரு நீர்மூழ்கி. இந்த வீட்டில் நாற்பது ஆண்டுகளாகச் செய்தி பார்க்கிறவர்கள் தங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள், காஸ் அடுப்பு பழுது பார்க்க வந்தவர் எல்லோரும் அது யார் என்று கேட்டிருக்கிறார்கள். பதிலைக் குழல்வாய்மொழி சொல்லுவாள். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஹாஸ்லமை நான் தேர்ந்தெடுத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றால், பழைய புத்தகக் கடையில் அவரைப் பற்றிய ஆங்கில நூலைப் புரட்டியபோது, அவர் தங்களைக் காட்டிலும் ஆழத்தில் இருந்திருக்கிறார் என்பதை முதலில் கவனித்தேன். அவ்வளவுதான்.

இது நிற்க. அச்சகத்துக்காரர் ஜோயலிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்திருந்தேன். நேற்றுக் கூப்பிட்டனுப்பினார்.

‘அண்ணாச்சி, புக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இத எழுத நீங்க யாருன்னு கேப்பாவள்லா? ஒரு நேவிக்காரர் அணிந்துரை குடுத்தா நல்லா இருக்கும். ஒங்க மச்சினரே இருக்காவளே.’

‘வேறு கடற்படைக்காரர் யாரும் இல்லையா?’ என்று கேட்டேன்.

‘ஆலங்குளத்துல ஒருத்தர் இருந்தாரு. போன வருசம் தவறிட்டாரு.’

வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தேன். மிகுந்த வருத்தம்.

ஆகவே தாங்கள் இந்நூலுக்கு ஓர் அணிந்துரை எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிற்காலத்தில் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதால் நானே ஓர் உடன்படிக்கை எழுதி இணைத்திருக்கிறேன். சாரம் இதுதான்: தாங்கள் எழுதித் தரும் அணிந்துரை, பக்கம் கூடினாலும் குறைந்தாலும், ஓரெழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அச்சிடப்பட வேண்டியது. அதைத் திருத்தவோ திரும்பப் பெறவோ இருவரில் யாருக்கும் எக்காலத்தும் பாத்தியம் இல்லை.

‘கூடினாலும் குறைந்தாலும்’ என்று விழுந்தது கைப்பழக்கம். நிலத்துக்கு அப்படித்தான் எழுதுவோம், அளவு முன்னே பின்னே இருக்கும் என்பதால். அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு பக்கம் போதும்.

ஆ. செல்லப்பா


குற்றாலம்
17 ஆகஸ்ட் 2024

அத்தான்,

உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே கொடுத்துவிட்டேன், கிடைத்திருக்கும். சாட்சியாக மணிமுத்து கையெழுத்திட்டார். குளிக்க வந்தவர் எண்ணெய்க் கையோடு போட்டுவிட்டார். பொறுத்துக்கொள்ளவும்.

இரண்டு பக்கம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது நாற்பத்தேழு. இன்னும் நான் தண்ணீருக்கு மேலே வந்து சேரவில்லை.

உடன்படிக்கையோடு வந்த உங்கள் பிரதியை முழுக்கப் படித்தேன். ஒன்பதாம் அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது. ஹாஸ்லமுக்குப் பதினொரு நாள் முந்தி அதே ஜலசந்தியைக் கடந்த கார்வி என்பவனுக்குப் பதக்கம் போய்விட, ஹாஸ்லம் அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் கடற்படைத் தலைமைக்கு மனு மேல் மனு போடுகிறாரே, அந்த இடம். அவர் கப்பல்களை மூழ்கடிக்கும் பக்கங்களில் சும்மா இருக்கும் உங்கள் பேனா, மனு எழுத உட்கார்ந்ததும் குதிக்கிறது. கார்வியின் சாவுக்கு மாலை அனுப்பிவிட்டு, மறுநாளே ‘இப்போதாவது பரிசீலிக்கவும்’ என்று ஹாஸ்லம் எழுதினாராமே. அந்த வரியைப் படித்துவிட்டு உங்களைத்தான் நினைத்தேன்.

ஆனால் குழாய்க்குள்ளே ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று உங்கள் புத்தகம் முழுக்க ஒரு வரி இல்லை. மூச்சு இல்லை, வியர்வை இல்லை, பயம் இல்லை. அந்தக் குறையை நான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் அக்காள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள். போன வாரம் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு, ‘நிறுத்தாதல, அந்தக் கதவு தெறந்துச்சா இல்லியா?’ என்றாள். அடுத்த வாரம் திறப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சங்கரபாண்டி


தென்காசி
20 செப்டம்பர் 2024

மைத்துனருக்கு,

கடந்த சனிக்கிழமை தாங்கள் அனுப்பிய அணிந்துரை கிடைத்தது. ஜோயல் கணக்கிட்டுப் பார்த்தார். நூல் தொண்ணூற்றாறு பக்கம். அணிந்துரை நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அதைக் குழல்வாய்மொழி இரண்டு நாளில், தொடர் நாடகத்தையும் விட்டுவிட்டுப் படித்து முடித்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அழுதாள். என் நூலை அவள் ஆறாம் பக்கத்தில் மூடியது 2019ஆம் வருடம். அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு இன்னும் அதே பக்கத்தில் இருக்கிறது.

அவள் படித்து முடித்த பிறகு நான் உட்கார்ந்து வில்லங்கம் பார்த்தேன். ஒரு சொத்து கைமாறி வந்த வழியை முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பது என் தொழில்.

பதினான்காம் பக்கம். தங்கள் கப்பலில் கூண்டில் வெள்ளெலி வைத்திருந்ததாகவும், அது மயங்கி விழுந்தால் காற்று கெட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளெலி, பெட்ரோலில் ஓடிய அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு. ஹாஸ்லமிடம் இருந்தது. என் மூன்றாம் அத்தியாயம். 1984இல் யாரும் எலி வளர்க்கவில்லை.

முப்பத்தொன்றாம் பக்கம். கண்ணாடிச் சன்னல் வழியாக ஒரு பெரிய மீன் தங்களை வெகுநேரம் பார்த்ததாகவும், தங்களுக்கு அக்காள் நினைவு வந்ததாகவும் சொல்லுகிறீர்கள். போர்க் கப்பல் அது. தங்கள் லாட்ஜ் அல்ல, சன்னல் வைக்க.

ஐம்பத்தெட்டாம் பக்கம். கப்பல் சேற்றில் சிக்கிப் பத்தொன்பது மணி நேரம் கிடந்ததும், மூச்சை மிச்சம் பிடிக்க எல்லோரையும் படுக்கச் சொன்னதும், கேப்டன் தீக்குச்சி உரசிப் பார்த்து அது எரியாமல் போனதும், அதை யாருக்கும் காட்டாமல் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதும் என் ஏழாம் அத்தியாயம். ஹாஸ்லம் என்று இருந்த இடத்தில் ‘எங்கள் கேப்டன்’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் பதினொரு வருடம் பாடுபட்ட கமாண்டரைத் தாங்கள் இரண்டே மாதத்தில் தங்கள் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டீர்கள்.

ஆகவே கேட்கிறேன். தாங்கள் எந்தக் கப்பலில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள்? மூல ஆவணம் காட்டவும்.

ஆ. செல்லப்பா


குற்றாலம்
28 செப்டம்பர் 2024

அத்தான்,

மூல ஆவணம் இல்லை.

நான் ஸ்டோரில் இருந்தேன். பதினைந்து வருஷமும் ஸ்டோர்தான். நீர்மூழ்கிப் பிரிவுக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கும் அறைக்குள் உட்கார வைத்தார்கள். மூன்று தடவையும் வலது காதில் ரத்தம் வந்தது. கதவைத் திறந்து வெளியே விட்ட டாக்டர் மூன்றாவது முறை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவு பழக்கமாகிவிட்டது.

கப்பலுக்குப் போகிறவர்களுக்குக் கம்பளி, சட்டை, டப்பாச் சாப்பாடு எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். என் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. திரும்பி வரும்போது அவர்கள் மேல் டீசல் வாடை அடிக்கும். குளித்தாலும் போகாது. அந்த வாடைக்காக நான் ஏங்கியிருக்கிறேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒருநாள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி வரைக்கும் போனேன். இறங்கலாம் என்று காலைத் தூக்கினேன். உள்ளேயிருந்து இரண்டு கை வந்து பெட்டியை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் நான் பார்த்த நீர்மூழ்கி. இரண்டு கை.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துறையில் எடுத்தது. அனுப்பி வைத்தேன். அக்காள், ‘நீ தண்ணிக்குள்ள போற கப்பல்ல இருக்கியாமே, அம்மா தெரு முழுக்கக் காட்டிட்டு வாரா’ என்று எழுதினாள். மறுத்து எழுத உட்கார்ந்தேன். அப்புறம் எழுதலாம் என்று வைத்தேன். அது நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

பொறாமை உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். முழங்கால் தண்ணீருக்கு மேல் போகாத மனுஷன் நீங்கள், காகிதத்தை வைத்துக்கொண்டே உள்ளே இறங்கிவிட்டீர்கள். தீக்குச்சியைப் பையில் போட்டுக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதனால் எடுத்துக்கொண்டேன்.

அணிந்துரையைத் திருப்பிக் கொடுங்கள். எரித்துவிட்டு, நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் எழுதித் தருகிறேன். அக்காளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இதை இரண்டு உறை போட்டு ஒட்டித்தான் அவளிடம் கொடுப்பேன். காலையிலிருந்து கதை சொல்லாமல் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, ‘என்னல, காச்சலா?’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சங்கரபாண்டி


தென்காசி
3 அக்டோபர் 2024

அன்புள்ள மைத்துனருக்கு,

இக்கடிதம் தபாலில் வருகிறது. இதைக் கொண்டுவர வேண்டியவள் தங்கள் வீட்டில் இருக்கிறாள்.

தங்கள் கடிதம் சனிக்கிழமை மாலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் மகிழ்ச்சியாக இருந்தேன். ரத வீதியை இரண்டு முறை சுற்றினேன். எதிரில் வந்தவர்களிடம் நலம் விசாரித்தேன். மணிமுத்துவின் கடைக்குப் போய், எனக்கு ஒரு செடியும் இல்லாத நிலையில், ஒரு கிலோ உரம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சிக்கு மேலே பார்த்துக்கொண்டே செய்தி கேட்டேன்.

திங்கட்கிழமை காலை குழல்வாய்மொழி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தாங்கள் கேட்டுக்கொண்டது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

‘ஒன் தம்பி கப்பலுக்குள்ள எறங்கினதே கெடையாது. ஸ்டோர்ல கம்பளி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கான்.’

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. ‘யாரு சொன்னா?’

யார் சொன்னது என்பதை நான் சொல்லவில்லை. வாக்கில் பாதியை மீறிவிட்டால் மீதிப் பாதியையாவது காப்பாற்ற வேண்டும் என்பது என் கொள்கை. ‘எனக்குத் தெரியும்’ என்றேன்.

‘ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கண்டியளா? கல்யாணத்தண்ணைக்கு அவன் யூனிபாரத்துல வந்தான், எல்லாரும் அவனையே பாக்காவன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தீய. நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சு, இன்னும் எறக்கல. இப்ப அவன் எழுதினதப் படிச்சு நான் அழுதேன்லா, அது பொறுக்கல ஒங்களுக்கு.’

இதில் பொய்யான வாக்கியம் ஒன்றும் இல்லை.

பதினொரு மணிப் பேருந்தில் ஏறிவிட்டாள். அணிந்துரையில் ஒரு வரி குறைந்தாலும் இந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். துருவிய தேங்காய் அப்படியே இருந்தது. சட்னி அரைக்க எனக்குத் தெரியாது. உரமும் இருக்கிறது.

தங்கள் கடிதம் பீரோவில் இருக்கிறது. அவள் பையை அடுக்கும்போது இரண்டு முறை சாவியைக் கையில் எடுத்தேன். காட்டியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பிய பிறகு அவள் முகம் எப்படி ஆகும் என்று யோசித்தேன். அந்த முகத்தைத் தினமும் பார்க்கப் போகிறவன் நான். சாவியை வைத்துவிட்டேன்.

தாங்களே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தாங்கள் சொன்னால் கோபப்படமாட்டாள், நம்பவும் செய்வாள். பிறகு அணிந்துரையை எரித்துவிடலாம். அவள் திரும்பி வரட்டும்.

ஆ. செல்லப்பா


குற்றாலம்
12 அக்டோபர் 2024

அத்தான்,

சொல்ல வேண்டாம் என்று ஒரே ஒரு விஷயம் கேட்டேன். இரண்டு நாள் தாங்கவில்லை உங்களுக்கு. சரி, போகட்டும். உங்கள் நிலையில் நான் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பேன்.

நீங்கள் எழுதியபடி நானும் சொல்லிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தேன்.

‘அக்கா, நான் ஸ்டோர்லதான் இருந்தேன். உள்ள போகவே இல்ல.’

என்னையே பார்த்தாள். ‘அவரு எழுதி மெரட்டினாராக்கும்?’

‘இல்லக்கா. நெசம்.’

‘ரகசியம் வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒங்கள்ட்ட சத்தியம் வாங்கியிருப்பாவள்லா? நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்ல. எனக்குப் புரியுது.’

‘காது சரியில்லன்னு எடுக்கலக்கா.’

‘அந்தக் காதே அங்கன போயித்தான கெட்டுச்சு? அதயும் மறைக்கான் பாரு.’ சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீன் விஷயத்தைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தானாகவே சத்தியம் செய்தாள். இதற்கு மேல் நான் எப்படி உண்மையைச் சொல்லுவது?

லாட்ஜ் இப்போது அவள் கையில். கொடிக்கு அறைவாரியாக நேரம் ஒதுக்கிவிட்டாள். சண்டையே இல்லை. என்னைச் சும்மா உட்காரச் சொல்லிவிட்டாள். வருகிறவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ மெதுவாகச் சொல்லுகிறாள், அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அச்சன்புதூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் குழந்தையை என் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. என்னால் அருவிக்குக்கூடப் போக முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நாலு மணிக்கு இரண்டு டம்ளரில் காப்பி போடுகிறாள். நான் காப்பி குடிக்கிறதில்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது டம்ளரைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தொட்டியில் ஊற்றுகிறாள். கேட்டால், ‘கை தவறிப் போட்டுட்டேன்’ என்கிறாள். தினமும் தவறுகிறது.

தயவுசெய்து அணிந்துரையை நிறுத்துங்கள். கேட்கிற கதை வேறு, அச்சில் வருவது வேறு. அச்சில் வந்தால் என் சாவுக்குப் பிறகும் அது நிற்கும்.

சங்கரபாண்டி


தென்காசி
21 அக்டோபர் 2024

அன்புள்ள மைத்துனருக்கு,

உடன்படிக்கையைத் திரும்பப் படித்தேன். நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. என் தொழில் வாழ்க்கையில் ஓட்டை இல்லாத பத்திரம் ஒன்று எழுதியிருக்கிறேன் என்றால் அது இதுதான். அணிந்துரையைத் திருத்தவோ திரும்பப் பெறவோ இருவரில் யாருக்கும் பாத்தியம் இல்லை. தாங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். எண்ணெய்க் கறையோடு சாட்சியும் இருக்கிறது.

ஆகவே அணிந்துரை முழுவதும் அச்சாகும். எலியும் மீனும் உட்பட. தாங்கள் விருப்பம் இல்லை என்று எழுதியிருப்பது எனக்குச் சற்று ஆறுதலாக இருக்கிறது. இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான், ஆகவே மறைக்காமல் சொல்லுகிறேன்.

வெளியீட்டு விழா டிசம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, வாசகர் வட்டத்தின் சார்பில். முதல் பிரதியைக் குழல்வாய்மொழி பெற்றுக்கொள்வாள். தங்களுக்கு நான் மாலை போடுவேன். அவளிடம் இதைச் சொல்லி, முடிந்தால் முந்தின வாரமே வரச் சொல்லவும். நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லலாம். என்ன தப்புக்கு என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் என்று சொல்லவும்.

தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில், தீக்குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அந்த ஓர் இடத்தில் மட்டும், ‘எங்கள் கேப்டன்’ என்பதை எடுத்துவிட்டு ஹாஸ்லம் என்று போட்டுவிட்டால் போதும். அந்தக் குச்சி பதக்கம் கிடைக்காதவருடையது. கார்விக்குப் போனது போதும், இது அவரிடம் இருக்கட்டும்.

இதை எழுதிய பிறகு மறுபடியும் உடன்படிக்கையைப் பார்த்தேன். ஓரெழுத்தும் என்று இருக்கிறது. வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆ. செல்லப்பா


குற்றாலம்
30 நவம்பர் 2024

அத்தான்,

அக்காளை நாளைக் காலைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். மன்னிப்பு விஷயத்தைச் சொன்னேன். ‘எழுத்துல குடுத்திருக்காரா?’ என்று கேட்டாள். உங்களோடு இருந்து இருந்து அவளும் இப்படி ஆகிவிட்டாள். கடிதத்தில் அந்த வரியை மட்டும் மடித்துக் காட்டினேன். படித்துவிட்டு, ‘வேட்டியெல்லாம் தொவைக்காமக் கெடக்கும்’ என்று எழுந்து பை அடுக்கப் போய்விட்டாள்.

விழாவுக்கு வருகிறேன். பேச மாட்டேன். மணிமுத்து கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

சங்கரபாண்டி


தென்காசி
27 ஜனவரி 2025

அன்புள்ள மைத்துனர் சங்கரபாண்டிக்கு,

விழாவன்று தாங்கள் காய்ச்சல் என்று பாதியில் கிளம்பிவிட்டதால் சில விவரங்களைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. தாங்கள் போன பிறகு மணிமுத்து எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அந்த மீன் என்ன மீன் என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். குழல்வாய்மொழி முதல் வரிசையில் இருந்தாள். சீலா மீன் என்று சொன்னேன். கைதட்டினார்கள். ஆட்டோவில் வரும்போது அவள், ‘தம்பி எழுதினத நீங்களும் ஒழுங்காப் படிச்சிருக்கீய’ என்றாள். நாற்பத்தைந்து வருடத்தில் என்னைப் பற்றி அவள் தங்கள் பெயரோடு சேர்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அவள் நலம். காப்பி இரண்டு டம்ளரும் தீர்ந்துவிடுகிறது.

ஜோயல் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். அச்சடித்த முந்நூறு பிரதியும் போய்விட்டன. புளியறையிலிருந்துகூட ஆள் வந்து கேட்கிறார்களாம், மறுபதிப்பு போடலாம் என்றார். ‘வாங்கினவிய எல்லாம் முன்பக்கத்தத்தான் சொல்லுதாவ அண்ணாச்சி. பின்னால வார கனம் கொஞ்சம் கொறஞ்சா நல்லா இருக்கும்னு...’ என்று இழுத்தார். குழல்வாய்மொழி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் பதிப்பு மார்ச் முதல் வாரம் வருகிறது. அதில் அணிந்துரை மட்டும் இருக்கும்.

இப்படிக்கு
ஆ. செல்லப்பா